பல்சர் 150இல் இருந்து குரூஸருக்கு: திருகோணமலை ஓட்டத்துக்குப் பழைய பைக்கில் எதை எடுக்கலாம்?

உப்புவெளி வாசி

எல்லாருக்கும் வணக்கம். இப்போது என்னிடம் இருப்பது பல்சர் 150. குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல பைக். ஆனால் வேலை கிண்ணியாவில், வீடு உப்புவெளியில், மாமனார் வீடு மட்டக்களப்பில். கிழமை நாட்களில் திருகோணமலை டவுனைக் கடந்து சீனன்குடா வழியே கிண்ணியாப் பாலம் வரை ஓட்டம், லீவு கிடைத்தால் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மூதூர், வெருகல், வாகரை என்று நீளமான ஓட்டம். அந்த நீள ஓட்டத்தில்தான் இரண்டு பேருக்கும் முதுகு போகிறது. அதோடு தாழ்ந்த சீற்றும் நீண்ட உடம்பும் உள்ள குரூஸர் ஒன்று எடுக்க வேண்டும் என்பது எனக்குக் கனகால ஆசை.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல் திறந்துவிட்டார்கள் என்றாலும், வரியோடு சேர்த்துப் புது பைக்கின் விலையைக் கேட்டால் நம்மால் முடியாது. ஆகவே பழையதுதான். தேடியதில் கைக்கு எட்டும் விலையில் நான்கு இருக்கின்றன. குருநாகலில் ஒரு யமஹா ட்ராக்ஸ்டார் 400, படத்தில் குரோம் எல்லாம் பளபள என்று இருக்கிறது. கந்தளாயில் ஒரு யமஹா விராகோ 250. டவுனிலேயே ஒரு பஜாஜ் அவெஞ்சர் 220. வவுனியாவில் ஒரு றோயல் என்ஃபீல்ட் தண்டர்பேர்ட் 350.

மனம் முழுக்க ட்ராக்ஸ்டாரில்தான் நிற்கிறது. மச்சானும் 'எடுக்கிறதென்றால் 400 எடு, 250 எடுத்தால் கொஞ்ச நாளில் அலுத்துப்போகும்' என்கிறான். என் உயரம் 5 அடி 4 அங்குலம். இதற்கு முன் பெரிய பைக் ஓட்டியதில்லை. இந்தப் பக்கம் வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

பாலையூற்று கராஜ்

தம்பி, சிசியைப் பிறகு பார்ப்போம். முதலில் நான்கு பைக்கின் பின் ரயர் அளவையும் கேட்டு எழுதுங்கள். அவெஞ்சர் 220க்குப் பின்னால் 130/90-15. விராகோ 250க்கும் அதே 130/90-15. ஹொண்டா றெபெல் 250 ஒன்று கண்ணில் பட்டாலும் அதற்கும் அதே அளவுதான். அவெஞ்சர் இந்தியாவில் வருடக்கணக்காக விற்ற பைக் என்பதால் அந்த அளவு ரயர் நம் நாட்டுக்குள் வந்துகொண்டே இருக்கிறது, அதை வைத்து விராகோக்காரர்களும் பிழைத்துக்கொள்கிறார்கள். ட்ராக்ஸ்டார் 400இன் பின் ரயர் 170/80-15. அதை நம்முடைய டவுனில் போய்க் கேட்டுப் பாருங்கள், 'கொழும்புக்குச் சொல்லித்தான் எடுக்க வேணும்' என்ற பதில்தான் வரும். அது வரும்வரை பைக் வீட்டில் நிற்கும், நீங்கள் பஸ்ஸில் கிண்ணியா போவீர்கள். தினமும் வேலைக்கு ஓடுகிற ஒரே பைக் அதுதான் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

ரயர் கதை வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. இப்படிப்பட்ட பைக்குகள் அதிகம் ஓடாமல் மூடி வைக்கப்பட்டவை, ஆகவே ரயரில் பூ (நிலத்தைப் பிடிக்கும் வெட்டு) தேயாமல் நிறைய இருக்கும், றப்பர் மட்டும் காய்ந்து கல்லாகியிருக்கும். மழை பெய்த ரோட்டில் அது பிடிக்காது. 'ரயர் புதுசு மாதிரி' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது உப்புக் காற்று. உப்புவெளியில் இருக்கிறவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குரூஸர் என்றாலே குரோம்தான், அந்தக் குரோம்தான் இங்கே முதலில் போகும். ஸ்போக்ஸ், சைலன்சர், முன் சில்லைப் பிடிக்கும் ஃபோர்க் குழாய் எல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். ஃபோர்க் குழாயில் சீல் உரசுகிற இடத்தில் புள்ளி விழுந்தால் அது சீலை அறுத்து ஒயில் ஒழுக விடும், புது சீல் போட்டாலும் திரும்ப அறுக்கும். இந்த விஷயத்தில் குருநாகல் பைக்குக்கு ஒரு நன்மை உண்டு, கடல் காற்றுப் படாமல் இருந்திருக்கும். ட்ராக்ஸ்டாருக்குச் செயின் கிடையாது, பின் சில்லைச் சுழற்றுவது ஷாஃப்ட் என்ற தண்டுதான், ஆகவே துருப்பிடிக்கச் செயினும் இல்லை. அதையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும்.

வேகத்தைப் பற்றி நினைக்கிறீர்கள் என்றால், ஊருக்கு வெளியே நமக்குச் சட்டம் விடுவது மணிக்கு 70 கிலோமீற்றர். அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளை ஏற்றவே விடமாட்டார்கள். இரண்டு பேரோடு 70இல் போக விராகோ 250க்கு எந்தக் கஷ்டமும் இல்லை. 400 அதே வேகத்தில் இன்னும் அமைதியாகப் போகும், உண்மைதான். அந்த அமைதிக்காக உங்கள் பல்சரை விட ஏறக்குறைய 90 கிலோ கூடுதலாகத் தள்ளிக்கொண்டு திரிய வேண்டும்.

தண்டர்பேர்ட் 350 வேறு வகை. 346 சிசி ஒற்றைச் சிலிண்டர், என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை வந்துவிடும், கியரைக் குறைக்காமல் பாலம் ஏறலாம். 20 லீற்றர் பெற்றோல் தாங்கி என்பதால் மட்டக்களப்பு போய்வர வழியில் பெற்றோல் ஷெட் தேடத் தேவையில்லை. வேகம் கூடினால் கையும் காலும் நடுங்கும் அதிர்வு உண்டு, அது அந்த என்ஜினின் குணம். எனக்குப் பிடித்த பைக்தான். இங்கே அதைத் திறந்து வேலை செய்து பழகியவர்கள் குறைவு என்பதால் அதைப் பின்னுக்கு வைக்கிறேன்.

வாழைச்சேனை ட்ராக்ஸ்டார்

கராஜ் அண்ணா சொன்னதில் பிழை இல்லை, ஆனாலும் ட்ராக்ஸ்டார் வைத்திருக்கிறவன் என்ற முறையில் அதன் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

ட்ராக்ஸ்டாரின் பாரம் 230 கிலோ என்று கேட்டதும் பயப்படுகிறார்கள். சீற் உயரம் வெறும் 660 மில்லிமீற்றர். 5 அடி 4 அங்குலம் உள்ள உங்களுக்கு இரண்டு காலும் முழுதாக நிலத்தில் ஊன்றி முழங்கால் மடியும். பைக் உருளத் தொடங்கினால் அந்தப் பாரம் தெரியவே தெரியாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பனிச்சங்கேணிப் பாலத்திலும் உங்கள் கிண்ணியாப் பாலத்திலும் பக்கக் காற்று எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். சின்ன பைக் அந்த நேரம் ஆடும், இது தன்பாட்டில் நேராகப் போகும். காற்றால் குளிரும் என்ஜின் என்பதால் ரேடியேற்றர், தண்ணீர் பம்ப் என்ற தலையிடிகளும் இல்லை.

கஷ்டம் எங்கே என்றால் மெதுவாகப் போகும் இடங்களில்தான். திருகோணமலை மார்க்கெட் பக்கம் ஆட்டோக்களுக்கு நடுவே நின்று நின்று போகும்போது என்ஜின் சூடு தொடைக்கு ஏறும். ஒடுங்கிய ஒழுங்கையில் ஒரே வீச்சில் திருப்ப முடியாது, இறங்கித் தள்ளவேண்டி வரும், கொஞ்சம் சரிவாக இருந்தால் தனி ஆளாகத் தள்ளுவதும் பாடு. கடற்கரைப் பக்கம் மணலில் சைட் ஸ்டாண்ட் புதைந்து பைக் சாயும், அதற்கென்று ஒரு தகரத் துண்டைப் பையில் வைத்திருக்கிறேன். பெற்றோல் உங்கள் பல்சர் கொடுப்பதில் பாதிதான் கொடுக்கும் என்று கணக்குப் போடுங்கள். ரயரை முடியும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே எடுத்து வீட்டில் வைத்துவிடுவேன்.

பைக் பார்க்கப் போனால், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் றப்பரைக் கையால் அமுக்கிப் பாருங்கள். வயசுக்கு அது வெடித்துவிடும். வெடித்தால் வெளிக்காற்றை உறிஞ்சும், சும்மா நிற்கும்போது என்ஜின் ஓட்டம் (ஐட்லிங்) ஏறி இறங்கும், ஆக்சிலறேற்றரை விட்டதும் சைலன்சரில் பட பட என்று சத்தம் வரும். விற்கிறவர் 'காபரேற்றர் ட்யூன் பண்ணினால் சரி' என்பார். ட்யூன் பண்ணி அது சரிவராது, றப்பரை மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று, பல்சரில் இருந்து வருகிறவர்கள் முன் பிறேக்கை மட்டும் நம்பிப் பழகியிருப்பார்கள். குரூஸரில் பாரம் பின்பக்கம் கூட, ஆள் ஏற்றினால் இன்னும் கூட. பின் பிறேக் இங்கே நிறைய வேலை செய்யும். கால் முன்னுக்கு நீட்டி இருப்பதால் அவசரத்தில் பிறேக்கைக் கால் தேடும், முதல் கொஞ்ச நாள் வெறும் ரோட்டில் அதையே பழகுங்கள்.

அதனால் என் வார்த்தை இதுதான். பல்சரை விற்காமல் வேலைக்கு வைத்துக்கொண்டு ட்ராக்ஸ்டாரை இரண்டாவதாக எடுக்க முடியுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். பல்சரை விற்றுத்தான் எடுக்க வேண்டும் என்றால் கராஜ் அண்ணா பக்கம்தான் நானும், ட்ராக்ஸ்டார் வேண்டாம்.

அன்புவழிபுரம் அண்ணா

எல்லாரும் என்ஜினையும் ரயரையும் கதைக்கிறீர்கள், பத்திரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பழைய ஜப்பான் பைக்குகளில் காசு போவது அங்கேதான்.

சிஆர் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) மூலப்பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள், போட்டோ கொப்பி வேண்டாம். அதில் உள்ள செசி இலக்கத்தை ஹாண்டில் கழுத்தில் அடித்திருப்பதோடும், என்ஜின் இலக்கத்தை என்ஜினில் இருப்பதோடும் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அழுக்கு மூடியிருந்தால் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள், அரம் போட்ட தடம் தெரிந்தால் அந்த இடத்திலேயே திரும்பி வாருங்கள். என்ஜின் மாற்றிய பைக் என்றால் மாற்றியது சிஆரில் பதிந்திருக்க வேண்டும். நிறம் மாற்றியிருந்தாலும் அப்படித்தான். 'அப்சலூட் ஓனர்' என்ற இடத்தில் லீசிங் கம்பனி பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் வராமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

சிஆரில் இருக்கும் பெயரும் உங்கள் முன்னால் நிற்கும் ஆளின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓப்பன் பேப்பர் என்று வெறுமனே கையெழுத்து வைத்த பெயர் மாற்றப் படிவத்தைக் கையில் தருவார்கள், நடுவில் நாலு பேர் கை மாறியிருக்கும், முதலில் கையெழுத்து வைத்தவர் எங்கே என்றே யாருக்கும் தெரியாது. பெயர் மாற்றத்தை 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம். நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் நிற்கும்போது ஒரு கையெழுத்து ஒத்துவராவிட்டால் அலைச்சல் முழுக்க உங்களுக்குத்தான். வருடா வருடம் புகைச் சோதனைச் சான்றிதழ், இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் விடாமல் எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பல வருடம் எடுக்காமல் கிடந்த பைக் என்றால் நிலுவையைக் கட்டப்போவது யார் என்று விலை பேசும்போதே முடிவாக வேண்டும்.

அப்புறம் உங்கள் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம். பல்சர் ஓட்டுகிறீர்கள் என்பதால் 'ஏ' வகுப்பு இருக்கும் என்று நினைக்கிறேன். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், 'ஏ1' என்பது 100 சிசி வரைக்கும் மட்டும்தான். அதோடு 220ஓ 400ஓ ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும்.

உப்புவெளி வாசி

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

'ஏ' வகுப்பு இருக்கிறது, அது பிரச்சினை இல்லை. பல்சரை விற்றால்தான் காசு சேரும், இரண்டு பைக் வைக்க வழியில்லை. நேற்றிரவு குருநாகல் ஆளுக்கு அழைத்துக் கேட்டேன். ஓப்பன் பேப்பர்தான் என்றார். சிஆரில் இருப்பவர் வெளிநாட்டில். பின் ரயர் இலக்கம் 0914 என்று படம் வந்தது. என்ஜின் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், நேரில் வந்து பாருங்கள் என்கிறார். மனம் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதை விடுகிறேன்.

இப்போது விராகோவும் அவெஞ்சரும்தான் மனதில் இருக்கின்றன. மனைவி பெரும்பாலும் சேலையில் ஒரு பக்கமாக இருந்துதான் வருவார். குரூஸரில் பின் சீற் சின்னதாகத் தெரிகிறதே, அவருக்குச் சரிவருமா?

சாம்பல்தீவு சகோதரி

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பைக் எடுக்கும்போது பின்னால் இருக்கப்போகிறவரை யாரும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் அவெஞ்சர். நான் சேலையிலும் இருந்திருக்கிறேன், சுடிதாரிலும் இருந்திருக்கிறேன். அவெஞ்சரின் பின் சீற் அகலம், சாய்மானக் கம்பியும் உண்டு. இரண்டு பக்கமும் கால் போட்டு இருந்தால் அந்தச் சாய்மானம் போல சுகம் வேறில்லை, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை வரை போனாலும் முதுகு கேட்காது. ஒரு பக்கமாக இருந்தால் அந்தச் சாய்மானம் விலாவில் இடிக்கும், பிடிக்கவும் வசதி இல்லை. பல பழைய ஜப்பான் குரூஸர்களில் பின் சீற் ஒரு கையகலம்தான், பின்பக்கம் சரிந்தும் இருக்கும், பிறேக் பிடித்துத் திரும்ப எடுக்கும்போது பின்னால் வழுக்குகிற மாதிரி இருக்கும். பிடிகம்பி இல்லாவிட்டால் நீள ஓட்டம் வேண்டவே வேண்டாம்.

சேலைத் தலைப்பும் கவனிக்க வேண்டும். பைக் தாழ்வு, சில்லு கிட்ட. சேலைக்கான கம்பிவலை பூட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சைலன்சர் வலது பக்கம் நீளமாகக் கீழே ஓடும், இறங்கும்போது காலில் பட்டால் தோல் கழன்றுவிடும். மட்டக்களப்புக்குப் போகிற நாளில் மட்டும் சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு இருக்க உங்கள் மனைவி சம்மதமா என்று கேளுங்கள். சம்மதம் என்றால் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்தது.

முக்கியமாக, பைக் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். காசு கொடுக்கும் முன் அவரைப் பின்னால் ஏற்றிக் கந்தளாய்ப் பக்கம் ஒரு பத்துக் கிலோமீற்றர் ஓடுங்கள். அவர் இறங்கிச் சொல்வதுதான் முடிவு.

பாலையூற்று கராஜ்

தங்கச்சி சொன்னதை அப்படியே செய்யுங்கள் தம்பி. இரண்டு பேர் பாரத்தோடு ஓடினால்தான் பின் ஷொக் (அதிர்வு தாங்கி) இரண்டும் உயிரோடு இருக்கிறதா என்றும் தெரியும். பள்ளத்தில் விழும்போது அடிமட்டம் தட்டினால் ஷொக் போய்விட்டது.

கந்தளாய்க்குப் போகும்போது விற்கிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை பைக்கை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று. போனதும் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார். ஆறும் வரைக்கும் இருந்து ரீ குடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். சோக் (குளிர்ந்த என்ஜினை எடுக்க உதவும் பிடி) போட்டு முதல் சில அடியில் எடுத்து, கொஞ்ச நேரத்தில் சோக்கைத் தள்ளியபின் சீராக நிற்க வேண்டும். விராகோ இரட்டைச் சிலிண்டர் என்பதால் இரண்டு சைலன்சர் குழாயும் ஒரே மாதிரி சூடாகிறதா என்று தண்ணீர் தெளித்துப் பாருங்கள், ஒன்றில் தண்ணீர் காயாவிட்டால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை.

பெற்றோல் தாங்கி மூடியைத் திறந்து ரோர்ச் அடியுங்கள். உள்ளே செந்நிறத் துரு தெரிந்தால் அது காபரேற்றருக்குள்ளும் போயிருக்கும். பற்றரியில் மீற்றர் வைத்து என்ஜினைக் கொஞ்சம் முறுக்கும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் வோல்ட் காட்ட வேண்டும். அதைவிடக் கூடினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் போய், பற்றரியையும் பல்பையும் சேர்த்துத் தின்னும். முன் சில்லைத் தூக்கி ஹாண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் 'டக்' என்று நிற்கக்கூடாது. நின்றால் கழுத்து பெயாரிங் குழி விழுந்திருக்கிறது.

அவெஞ்சர் பற்றி ஒரு வார்த்தை. அதன் என்ஜினும் உங்கள் பல்சர் குடும்பம்தான், பெரிய அண்ணன் பல்சர் 220இன் பாகங்கள் நிறைய அதற்குப் பொருந்தும். சாமான் கிடைப்பதில் நாலு பைக்கிலும் அதற்குத்தான் முதலிடம். விராகோவின் இரட்டைச் சிலிண்டர் மென்மை அதில் வராது, அது ஓட்டினால்தான் தெரியும். என்னைக் கேட்டால், விராகோ பத்திரமும் உடம்பும் சுத்தமாக இருந்தால் விராகோ. கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் அவெஞ்சர். நல்ல அவெஞ்சர் ஒன்று கெட்ட 400ஐ விட எவ்வளவோ மேல்.

எடுத்துக்கொண்டு வரும்போது பொழுது படும் முன் புறப்படுங்கள். கந்தளாயில் இருந்து வரும் ரோட்டில் மாடுகள் படுத்திருக்கும், புதுப் பைக்கின் பிறேக் கைக்குப் பழகும் முன் இருட்டில் வேண்டாம்.

உப்புவெளி வாசி

மனைவி சரி என்றுவிட்டார், சுடிதாருக்கும் கூட. சனிக்கிழமை காலையில் கந்தளாய் போகிறோம். விற்கிறவர் சிஆரில் உள்ளவரே, மூலப்பிரதி கையில் இருக்கிறது என்றார், ஸ்டார்ட் பண்ணாமல் வைக்கவும் சம்மதித்தார். ரயர் இலக்கம் கேட்டதும் தானாகவே படம் அனுப்பினார், பின் ரயர் 4122. அது சரிவராவிட்டால் வரும் வழியிலேயே டவுன் அவெஞ்சரையும் பார்த்துவிடுவேன். கராஜ் அண்ணா, எதை எடுத்தாலும் திங்கள் வேலைக்குப் போகும் வழியில் கொண்டுவந்து காட்டுகிறேன், ஒயிலும் பில்டரும் அன்றைக்கே மாற்றிவிடலாம்.

பாலையூற்று கராஜ்

கொண்டு வாருங்கள் தம்பி. எட்டு மணிக்கு முன்னால் வந்தால் ஆறுதலாகப் பார்க்கலாம். விராகோ என்றால் பிளக் இரண்டும் முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழையதைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தால் இரண்டு சிலிண்டரும் எப்படி எரிகிறது என்று சொல்லிவிடுவேன்.